வீட்டுக்கல்வி: எங்கள் குடும்பத்துக்கு எந்த முறை சரிவரும்?

செங்காங் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பல மாதமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன்.

மகளுக்கு ஆறு வயது, கே2 (பாலர் பள்ளியின் கடைசி ஆண்டு) படிக்கிறாள். அடுத்த ஜனவரியில் இங்கே சிங்கப்பூரில் ஒன்றாம் வகுப்பு. கீழே மூன்று வயதுத் தம்பி. கணவருக்குத் துவாஸில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு, பகலும் இரவும் மாறி மாறி வரும். மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கினால் வாரநாளில் அவர் வீட்டில் இருக்கும் பகலெல்லாம் அவள் பள்ளியில் இருப்பாள். இதைக் காலண்டரில் பேனாவால் குறித்துப் பார்த்தோம். ஒரு மாதத்தில் அப்பாவும் மகளும் முழுப்பகல் ஒன்றாக இருக்கக்கூடிய நாள் நான்குதான் வந்தது. அன்றைக்குத்தான் ஹோம்ஸ்கூலிங் பேச்சு எங்கள் வீட்டில் தொடங்கியது.

இன்னொரு காரணமும் உண்டு. மகள் எதையும் மெதுவாகச் செய்பவள். ஒரு எறும்பு வரிசையைப் பார்த்தால் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். மணி அடித்ததும் அடுத்த பாடத்துக்குத் தாவ அவளால் முடியுமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் டிப்ளோமா முடித்து ஏழு வருடம் கணக்கு வேலை பார்த்தேன், தம்பி பிறந்ததும் விட்டுவிட்டேன். மாமியார் எங்களோடு இருக்கிறார். மன்னார்குடிப் பக்கம். தமிழ் மட்டும்தான் பேசுவார். பள்ளிக்கு அனுப்பாவிட்டால் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று அவருக்குக் கவலை. கணவர் கேட்பதெல்லாம் ஆறாம் வகுப்பு முடிவில் வரும் தேசியத் தேர்வைப் பற்றித்தான்: "பி.எஸ்.எல்.இ.க்கு என்ன வழி?"

முறைகளைப் பற்றிப் படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது. கிளாசிக்கல், சார்லட் மேசன், மாண்டிசோரி, அன்ஸ்கூலிங், யூனிட் ஸ்டடீஸ் என்று போய்க்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வரும் கிளாசிக்கல் பாடப் பேக்கேஜ் ஒன்றை இணையக் கடையின் வண்டியில் போட்டு வைத்திருக்கிறேன். கப்பல் செலவோடு ஆயிரம் வெள்ளியைத் தொடுகிறது, இன்னும் பணம் கட்டவில்லை. நீங்கள் எதை வைத்து முடிவு செய்தீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


உட்லண்ட்ஸ் அப்பா எழுதியது:

சகோதரி, பணம் கட்டுவதற்கு முன் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 2003 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. இங்கே வசிக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களான பிள்ளைகளுக்குத்தான் அது. பிஆர் (நிரந்தரவாசி) பிள்ளைகளுக்கு இல்லை. வீட்டில் படிக்கவைப்பதென்றால் கல்வி அமைச்சிடம் விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். யார் சொல்லிக்கொடுக்கப்போகிறார், அவருடைய படிப்பு என்ன, என்னென்ன பாடம், எப்படி என்று எல்லாம் எழுதித் தரவேண்டும். ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி நான்கும் அதில் இருக்க வேண்டும். தேசியக் கல்வியும் உண்டு, அதற்கு ஒரு வினாவிடைத் தேர்வும் உண்டு. பிறகு பி.எஸ்.எல்.இ. அந்த ஆண்டு நான்கு பாடங்களையும் எழுதும் மாணவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு முடியும் இடம் இருக்கிறது அல்லவா, 33வது பெர்சென்டைல், அதை நம் பிள்ளை எட்ட வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் அன்ஸ்கூலிங்கை மனதார நம்பித் தொடங்கினோம். பாடத்திட்டம் வேண்டாம், பிள்ளையின் ஆர்வம் இழுக்கும் பக்கம் போகலாம் என்பது அதன் அடிப்படை. ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்கர் 1970களில் பரப்பிய எண்ணம் அது. மகளுக்கு அந்த இரண்டு வருடம் மிக நல்ல காலம். ஆனால் நான்கு பாடத்தில் தேர்வு காத்திருக்கும் ஊரில் அதை முழுசாக நடத்த எங்களுக்குத் தைரியம் போதவில்லை. பாதி சுதந்திரம், பாதி அசெஸ்மென்ட் புத்தகம் (தேர்வுப் பயிற்சி நூல்) என்று இழுபறியானது. மூன்றாம் வகுப்பில் அவளே பள்ளிக்குப் போகிறேன் என்றாள். அமைச்சிடம் கேட்டோம், இடம் கிடைத்தது, போனாள். சந்தோஷமாக இருக்கிறாள். பாதியில் மாறினால் தோல்வி என்று நினைத்துப் பயப்படாதீர்கள்.


புக்கிட் பாத்தோக் இரு பையன்களின் அம்மா எழுதியது:

தங்கச்சி, அந்தப் பேக்கேஜுக்கு இன்றைக்குப் பணம் கட்டாதீர்கள். நான் கட்டினேன், அதனால் சொல்கிறேன்.

மூத்தவனுக்கு ஆறு வயதானபோது நானும் உங்களைப் போலத்தான் ராத்திரி ஒரு மணி வரை படித்துக்கொண்டிருப்பேன். பெரிய பெட்டி வந்து இறங்கியது. ஆசிரியர் கையேட்டில் நான் வாய்திறந்து சொல்ல வேண்டிய வாக்கியம் வரைக்கும் அச்சடித்திருந்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி மாளாது. காலை எட்டிலிருந்து ஒன்று வரை இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்காருவோம். ஆங்கிலம் நன்றாக வந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் கணிதத்தில் அவன் எண்ணியதெல்லாம் அமெரிக்கக் காசான டைமும் குவார்ட்டரும். நம் ஐம்பது காசை நீட்டினால் முழிப்பான். அளவு என்றால் அங்குலம், அறிவியல் என்றால் இலையுதிர் காலம். தமிழுக்கு அந்தப் பெட்டியில் ஒன்றும் இல்லை. இருக்கவும் முடியாது. சனிக்கிழமை ஒன்றரை மணி நேர டியூஷனில் அதைத் தள்ளிவிட்டேன்.

இரண்டரை வருடம் இப்படிப் போனது. ஒருநாள் புளோக் கீழே வாய்ட் டெக்கில், அதாவது கட்டடத்தின் திறந்த தரைத்தளத்தில், ஓடி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தான். அந்த நேரம் பார்த்து திருத்துறைப்பூண்டியிலிருந்து அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார்கள். "என்னப்பா ஆச்சு?" என்றார்கள். பையன் என் முகத்தைப் பார்த்தான். "ஆத்தா, நான்... ஃபால்... பிளட்..." என்றான், அப்புறம் போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டான். எட்டரை வயது. பெரிய பெரிய ஆங்கிலக் கதைப்புத்தகம் படிக்கிறவன். கீழே விழுந்ததைத் தன் ஆத்தாவிடம் சொல்ல அவனிடம் வார்த்தை இல்லை. அன்றிரவு நான் அழுதேன்.

தேர்வுக் கணக்காகப் பார்த்தாலும் அது ஆபத்துதான். 2021லிருந்து பி.எஸ்.எல்.இ.யில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஏ.எல். என்ற தேர்ச்சி நிலை 1 முதல் 8 வரை, 1தான் சிறந்தது, நான்கையும் அப்படியே கூட்டுகிறார்கள். தமிழில் வரும் 6 கணிதத்தில் வரும் 6 போலவே கனக்கும். வெளிநாட்டுப் பேக்கேஜ் எதுவானாலும் மூன்று பாடத்துக்குத்தான் துணை. நான்காவது பாடம் முழுக்க நம் வீட்டின் கையில்.

அதனால் முறையைத் தேடுவதற்கு முன்னால், எங்கள் வீட்டில் தமிழ் யாரோடு, எத்தனை மணிக்கு நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள். என் இரண்டு பையன்களை வைத்துப் படித்தது இது. மற்ற மூன்று பாடத்தையும் எந்த முறையிலும் ஓட்டிவிடலாம், இங்கே பாடநூலுக்குக் குறைவே இல்லை. தமிழுக்கு மட்டும் ஆள் வேண்டும். உங்கள் வீட்டில் அந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார், தங்கச்சி. நீங்கள் அவரைத் தடையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படி ஒருவர் போனில் மட்டும்தான் கிடைத்தார்.

அப்புறம் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பெட்டியை ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டு சார்லட் மேசன் முறையிலிருந்து இரண்டே விஷயத்தை எடுத்துக்கொண்டேன். நூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த ஆங்கிலேய ஆசிரியை அவர். சின்னப் பிள்ளைக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பார். இன்னொன்று, படித்ததை, பார்த்ததைப் பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், நடுவில் நாம் குறுக்கே பேசக் கூடாது. அவர் அதைப் பல பாடங்களுக்கும் சொன்னார். நான் தமிழுக்கு வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமைதோறும் வெளியே போவோம். ஒரு தடவை கிராஞ்சியில் இறங்கி பஸ் பிடித்து சுங்கை பூலோ ஈரநிலக் காட்டுக்குப் போனோம். நடைபாதைக்குக் குறுக்கே ஒன்று படுத்திருந்தது, என் உயரத்துக்கு இருக்கும். பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ராத்திரி ஆத்தாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "பெரிய பல்லி ஆத்தா" என்று தொடங்கினான். "எம்மாம் பெருசு? பல்லி அம்புட்டுப் பெருசா இருக்குமா? அது உடும்புப்பா. நாக்கை நீட்டுச்சா?" என்றார்கள். "ஆமா, ரெண்டு... ரெண்டு டங்" என்றான். "ரெண்டு நாக்கு இல்லடா, ஒரே நாக்கு, நுனி பிளந்திருக்கும்." சரி என்று வைத்துவிட்டான். அரை மணி கழித்து அவன் அப்பா வேலையிலிருந்து வந்தார். கதவைத் திறக்கும்போதே, "அப்பா, இன்னைக்கு உடும்பு பார்த்தேன், அதுக்கு நாக்கு நுனி பிளந்திருக்கும்!" என்றான். நான் சமையலறையில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

உடும்பு, பிளந்த நாக்கு. எந்த அசெஸ்மென்ட் புத்தகத்திலும் அந்த இரண்டு சொல்லை அவனுக்குள் நான் இறக்கியிருக்க முடியாது. தமிழ் வாய்மொழித் தேர்வில் ஒரு பகுதியை வாய்விட்டு வாசிக்கச் சொல்வார்கள், பிறகு ஒரு காணொளியைக் காட்டி அதைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். பார்த்ததைச் சொல், உனக்கு நடந்ததைச் சொல், நீ என்ன நினைக்கிறாய் சொல் என்பதுதான் அது. புதன்கிழமை ராத்திரிகளில் அவன் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்தது அதையேதான். போன வருடம் தனித்தேர்வராக எழுதினான். தமிழில்தான் அவனுக்குப் பயமே இல்லை.

கணிதத்துக்கு நம் ஊர்ப் பாடநூலுக்கே திரும்பினேன். வெளிநாட்டில் வீட்டில் படிக்கவைக்கிறவர்கள் சிங்கப்பூர் மேத்ஸ் என்று தேடிப் பிடித்து வாங்குகிறார்கள், நான் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமெரிக்கப் புத்தகத்தை வரவழைத்தேன். முதலில் கையில் பொருள், அப்புறம் படம், கடைசியில்தான் எண். இதுதான் அதன் வரிசை. கணக்கைப் படமாகக் காட்டும் மாடலைக் கட்டம் போட்டு வரைவதற்கு முன்னால் லெகோவை அடுக்கவிடுங்கள். அதிகம் சொல்லத் தேவையில்லை, அந்தப் புத்தகமே கூட்டிக்கொண்டு போகும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். சின்னவனுக்கு இது சரிவரவில்லை. அவனைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் கூச்சப்பட்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். ஆனால் மனப்பாடம் என்றால் உயிர். கட்டிலில் குதித்துக்கொண்டே வாய்பாடு சொல்வான், ஒவ்வொரு குதிக்கும் ஒரு வரி. குறளும் அப்படித்தான், முப்பதுக்கு மேல் வைத்திருக்கிறான், பொருள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது. கிளாசிக்கல் முறைக்காரர்கள் சின்ன வயதில் நினைவில் ஏற்று, விளக்கம் பிறகு வரட்டும் என்பார்கள். இவன் அதற்கென்றே பிறந்தவன். ஸ்டோர் ரூமிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கி ஆங்கிலத்துக்கு மட்டும் இவனுக்குப் பயன்படுத்துகிறேன். ஒரே வீடு, ஒரே அம்மா, இரண்டு பிள்ளைக்கு இரண்டு வழி. உங்கள் மகள் எறும்பைப் பார்த்து அரை மணி நேரம் உட்காருகிறாள் என்றால் அவள் என் மூத்தவன் ரகம் என்று தோன்றுகிறது. ஆனால் மூன்று வயதுத் தம்பி யார் பக்கம் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. ஆயிரம் வெள்ளிக்கு ஒரே வழியை வாங்கிவிடாதீர்கள்.

உங்கள் உடம்பையும் கணக்கில் எடுங்கள். கணவர் இரவு ஷிப்டு முடிந்து தூங்கும் பகலில் வீட்டில் சத்தம் போட முடியாது. அந்த நான்கு நாளுக்கு ஒரு திட்டம், அவர் ஓய்வாக இருக்கும் நான்கு நாளுக்கு ஒரு திட்டம் என்று எட்டு நாளாகப் போடுங்கள். வாரக் கணக்கில் போட்டால் மூன்றாவது வாரமே நொறுங்கிவிடும்.


செங்காங் அம்மா எழுதியது:

அக்கா, கண் கலங்கிவிட்டது. மாமியாரைத் தடையாக எழுதியிருக்கிறேன் என்று நீங்கள் சொன்னதும் என் பதிவை மறுபடி படித்தேன். உண்மைதான். வண்டியிலிருந்து பேக்கேஜை எடுத்துவிட்டேன்.

ஆனால் அவரிடம் எப்படிக் கேட்பது? அவர் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். "எனக்கு என்ன தெரியும், நான் என்ன வாத்தியாரா?" என்பார். அப்புறம் இன்னொரு கேள்வி. பேச்சு வரும், எழுத்து? மகளுக்கு அ, ஆ வரிசை தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.


ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, எழுத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். முப்பது ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்தேன்.

247 என்ற எண்ணைச் சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இந்த முப்பத்தொன்றும் காலும் கொம்பும் விசிறியும் எங்கே சேரும் என்பதும் தெரிந்தால் மற்றதில் பெரும்பகுதி தானாக வரும். உகர, ஊகார வரிசைகளில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். கு, சு, டு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். அங்கே மட்டும் நின்று நிதானமாகப் போங்கள்.

மாண்டிசோரியை நீங்கள் குறிப்பிட்டிருந்தீர்கள். உப்புத்தாள் எழுத்தை விரலால் தடவுவதும் தட்டில் மணல் பரப்பி எழுதுவதும் அந்த முறையில் உண்டு. நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில்தான் எழுதினார்கள். சென்னையில் ஆதரவற்றோர் பள்ளி ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797இல் இலண்டனில் எழுதி வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் பரவியது. ஆகவே தட்டில் அரிசியைப் பரப்பி உங்கள் மாமியாரை எழுதச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்பு படித்தவருக்கு அது தாராளமாகத் தெரியும். பென்சில் பிறகு வரட்டும்.

வாய்மொழியில் ஒரு குறிப்பு. பேச்சுத்தமிழில் பதில் சொல்வது தவறன்று. திருத்தமான பேச்சாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். "ஃபால் பண்ணிட்டேன்" கூடாது, "விழுந்துட்டேன்" தாராளமாகச் சொல்லலாம்.


புக்கிட் பாத்தோக் இரு பையன்களின் அம்மா எழுதியது:

ஐயா சொன்ன அரிசித் தட்டை நான் சின்னவனுக்கு நாளைக்கே செய்யப்போகிறேன். நன்றி ஐயா.

தங்கச்சி, அத்தையிடம் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்காதீர்கள். கேட்டால் கட்டாயம் மறுப்பார். கேட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். சாயங்காலம் அவர் கீரை ஆயும் நேரம் பார்த்து மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இன்னைக்கு எறும்பு என்ன செஞ்சதுன்னு பாட்டிகிட்ட சொல்லு" என்று விட்டுவிட்டு நீங்கள் அறைக்குள் போய்விடுங்கள். நீங்கள் அங்கே இருந்தால் மகள் உங்களைப் பார்த்து ஆங்கிலத்துக்குத் தாவுவாள். நீங்கள் அங்கே இருக்கக் கூடாது, அதுதான் முக்கியம். ஊர்ப்பேச்சுக் கவலையெல்லாம் அப்புறம். பேத்தி தன்னோடு பேச ஆரம்பித்தால் ஊருக்குப் பதில் சொல்வது அவர்தான்.


செங்காங் அம்மா எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஏழு நாள் செய்தோம், மூன்று நாள் தம்பிக்குக் காய்ச்சல். மகளுக்கு இப்போது கட்டெறும்பு, சுள்ளெறும்பு, செவ்வெறும்பு, பிள்ளையார் எறும்பு நான்கும் தெரியும். எனக்குக் கடைசியாகச் சொன்னது தெரியாது. அத்தை நேற்று அவராகவே, "நாளைக்கு முருங்கைக்கீரை வாங்கிட்டு வா, ஆய ரொம்ப நேரம் ஆகும்" என்றார்.

விலக்கு விண்ணப்பத்தில் தாய்மொழிப் பகுதிக்கு வந்திருக்கிறேன். இந்தப் பாட்டி நேரத்தை அதில் எழுதலாமா, அக்கா?


புக்கிட் பாத்தோக் இரு பையன்களின் அம்மா எழுதியது:

எழுதுங்கள். தினமும் முப்பது நிமிடம், கேட்டல், பேசுதல், பாட்டியுடன் என்று நேரத்தோடு எழுதுங்கள். அதற்குக் கீழே வாசித்தலுக்கும் எழுதுவதற்கும் எந்தப் பாடநூல், வாரத்துக்கு எத்தனை பாடம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்லிக்கொடுப்பவர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தான் வரவேண்டும். வரைவை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துத் தருகிறேன்.